கோர்ட் நோட்டீஸ் வந்ததால் கார் இன்சூரன்ஸ் ஏறுமா? அவசரம்

மழைச்சாரல்:
நாளை மறுநாள் பாலிசி முடிகிறது. புதுப்பிக்கப் பார்த்தால் போன வருஷத்தைவிட நிறையவே கூடக் காட்டுகிறது. விபத்து வழக்கு ஒன்றில் என்னையும் எதிர்மனுதாரராகச் சேர்த்து நோட்டீஸ் வந்திருக்கிறது. அதனால்தானா? கம்பெனி மாற்றினால் குறையுமா?

நான்காம்கியர்:
எத்தனை சிசி? ஃபுல் பாலிசியா, தேர்ட் பார்ட்டி (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கு) மட்டுமா? விபத்து எப்போது?

கருவேலன்:
வழக்கு வந்தால் கம்பெனியில் குறித்து வைத்துக்கொள்வார்கள். மாற்றிவிடுங்கள். என் மச்சானுக்கும் இப்படித்தான் ஏறியது.

சட்டப்பார்வை:
இதை எத்தனை தடவை இங்கே எழுதுவது? பாலிசித் தாளைப் படித்துவிட்டுக் கேளுங்கள். தேர்ட் பார்ட்டி கட்டணத்தை அரசு அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் வந்த பட்டியலில் 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. உங்கள் மேல் பத்து வழக்கு இருந்தாலும் அதே தொகைதான்.

கருவேலன்:
அப்போ விபத்து வழக்கில் தீர்ப்பாயம் லட்சக்கணக்கில் நஷ்டஈடு கொடுக்கச் சொல்வது யார் பணம்?

சட்டப்பார்வை:
எல்லோர் பணமும்தான். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் பாலிசியில் உச்சவரம்பு கிடையாது. 40 வயதுக்குள் நிரந்தர வேலையில் இருந்தவர் இறந்தால் சம்பளத்தோடு 50 சதவீதம் கூட்டி நஷ்டஈட்டைக் கணக்கிடச் சொன்னது 2017-ல் பிரணய் சேத்தி வழக்கில் வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. அந்தச் சுமை மொத்தக் கட்டணத்தில்தான் ஏறும்.

தாழ்வாரம்:
சுமை என்று எழுதாதீர்கள் சார். சித்தப்பா போனபோது சித்தி கையில் இரண்டு பிள்ளைகள். நாலு வருஷம் வாய்தாவுக்கு அலைந்து வாங்கிய பணத்தில்தான் ஸ்கூல் ஃபீஸ் கட்டினார்.

கருவேலன்:
பொய் வழக்கும் வருகிறதே, அதற்கும் நான்தானே கட்டுகிறேன்?

தாழ்வாரம்:
பொய் வழக்கைக் கண்டுபிடித்துத் தள்ளட்டும். அதற்காக அடிபட்டவனுக்குக் குறைக்கச் சொல்வீர்களா?

நான்காம்கியர்:
சண்டை அப்புறம். மழைச்சாரல் சார், அந்த விபத்தில் உங்கள் வண்டிக்கு கிளெய்ம் எடுத்தீர்களா?

மழைச்சாரல்:
1200 சிசி, ஃபுல் பாலிசி. மார்ச்சில் பைக் ஒன்று மோதி, ஓட்டியவருக்குக் கால் எலும்பு முறிந்தது. நான் பம்பர் மாற்ற ஒன்பதாயிரம் கிளெய்ம் எடுத்தேன். சின்னதுதானே என்று எழுதவில்லை.

நான்காம்கியர்:
அந்தப் பம்பர்தான் காரணம். நோ கிளெய்ம் போனஸ் என்பது கிளெய்ம் எடுக்காமல் இருந்தால் ஓன் டேமேஜ் (நம் வண்டியின் சேதத்துக்கான) பகுதியில் கிடைக்கும் தள்ளுபடி. கிளெய்ம் எடுத்ததும் பூஜ்யமாகிவிடும், கம்பெனி மாற்றினாலும் திரும்பாது. அதைவிட நோட்டீஸ்தான் முக்கியம். விபத்து நடந்த அன்று யாரிடம் பாலிசி இருந்ததோ அவர்களிடம், லைசென்ஸ், ஆர்சி நகலோடு இன்றே கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அன்று லைசென்ஸ் காலாவதியாகி இருந்தால், கம்பெனி கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்கலாம் என்று தீர்ப்பு வரக்கூடும்.

மழைச்சாரல்:
நோ கிளெய்ம் போனஸ் பழைய தாளில் 45 சதவீதம், புதியதில் 0. லைசென்ஸ் சரியாக இருக்கிறது. நோட்டீஸ் கொடுத்தாயிற்று. நன்றி.