ஐரிஷ் கிராமத்துப் பழஞ்சொற்கள்: கற்றுக்கொடுக்க வேண்டுமா?

மேயோவாசி:
கடந்த ஜூனில் மேயோ பகுதிச் சதுப்பு நிலம் ஒன்றில் ஒரு முதியவருக்குத் துணையாக வேலை செய்தேன். அடுப்பெரிக்க வெட்டிப் பரப்பிய டர்ஃப் கட்டிகளை, அதாவது செடிகொடிகள் மக்கி இறுகிய சதுப்பு மண் கட்டிகளை, ஐந்தாறாகச் சேர்த்து, தலையோடு தலை சாயும்படி நிறுத்த வேண்டும். நடுவே காற்று புகுந்து உலர்த்தும். இதற்கு 'ஃபுட்டிங்' என்று பெயர். கொட்டகைச் சுவரில் 'ஸ்லான்' தொங்கியது: நீண்ட கைப்பிடி, குறுகிய அலகு, அலகின் ஓரத்தில் செங்கோணமாக ஒரு சிறகு. ஒரே குத்தில் கட்டியின் இரு பக்கமும் அறுபடும். பேரனுக்கு அதன் பெயர் தெரியவில்லை. எனக்கு மனம் கனத்துவிட்டது. இத்தகைய சொற்களைப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

செங்கதிர்:
உடன்பட மாட்டேன். கருவி போனால் பெயரும் போகும். டர்ஃப் எடுப்பதற்கென்றே இயங்கிய அரசு நிறுவனமான போர்ட் நா மோனாவே அந்த வேலையை நிறுத்திவிட்டதாக 2021 ஜனவரியில் அறிவித்துவிட்டது. ஸ்லானைத் தொட்டே பார்க்காத பிள்ளை அதன் பெயரை மனப்பாடம் செய்து என்ன செய்வான்? 1937 முதல் 1939 வரை ஏறத்தாழ 50,000 பள்ளிப் பிள்ளைகள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதியவை பத்திரமாக இருக்கின்றன, இணையத்திலும் படிக்கலாம். அது போதும்.

மேயோவாசி:
ஏட்டில் இருப்பது வேறு, நாவில் இருப்பது வேறு. 'மெஹல்' என்ற சொல்லைப் பாருங்கள். புல்லறுப்புக்கும் கதிரடிப்புக்கும் அண்டை வீட்டார் கூலியில்லாமல் ஒருவர் வயலில் ஒருவர் இறங்கும் கூட்டுக்கு அந்தப் பெயர். இயந்திரம் வந்து அந்த வேலையைப் பறித்துக்கொண்டது, சொல் பிழைத்தது. ஒரு பிள்ளைக்காகப் பெற்றோரும் ஆசிரியரும் பிறரும் கூடி உதவும் முறைக்கு, குழந்தைநல அமைப்பான டூஸ்லா 'மெஹல்' என்றே பெயர் வைத்திருக்கிறது.

செங்கதிர்:
அது அலுவலகத்தில் வைத்த பெயர். இன்று உன் வயலில் நான், நாளை என் வயலில் நீ என்ற கடப்பாடு அதில் எங்கே? மழைக்கு முன் புல்லைச் சேர்க்க ஓடிவந்தவர்களின் சொல்லைக் கோப்பின் மேல் ஒட்டியதைப் பிழைப்பு என்று என்னால் ஏற்க முடியாது.

நெய்தல்:
இருவரும் முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டிய சொற்களையே பேசுகிறீர்கள். 'போரீன்' தானாகவே நிற்கிறதே! ஐரிஷ் மொழியில் 'போ' என்றால் பசு, 'போஹர்' என்றால் சாலை, சிறு சாலை 'போரீன்'. ஒரு பசு நீளவாக்கிலும் இன்னொன்று குறுக்கேயும் நிற்கும் அகலமே சாலை என்று பழைய சொல்விளக்க ஏடு அளவு சொல்கிறது. இப்போது டிராக்டர் போனாலும் அது போரீன்தான். எந்தப் பள்ளியும் அதைக் காக்கவில்லை.

செங்கதிர்:
நான் சொல்வதும் அதுதான். பாதை இருக்கிறது, பெயரும் இருக்கிறது.

மேயோவாசி:
அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டர்ஃப் வேலையும் முற்றாகப் போய்விடவில்லை. வெட்டும் உரிமையுள்ள குடும்பங்கள் வீட்டுத் தேவைக்கு இன்னும் எடுக்கின்றன. வெட்டுவது இயந்திரம், நிறுத்துவது பெரும்பாலும் கை. அந்தப் பேரனுக்கு ஸ்லான் தெரியாது. ஃபுட்டிங் என்றால் தெரியும். அன்று மாலை என்னைப் போலவே அவனும் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தான்.