வெள்ளத்தில் கிடந்த தோசைக்கல்

துருப்பிடித்த தோசைக்கல்லைச் சரிசெய்ய எல்லாரும் புளியைத்தான் சொல்கிறார்கள். புளி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவு முழுக்க ஊறப்போடாதீர்கள் என்கிறேன். புளியின் அமிலம் துருவைக் கரைத்து முடித்ததும் நல்ல இரும்பையும் அரிக்கத் தொடங்கிவிடும்.

என் கையில் வந்தது எங்கள் ஆச்சியின் கல். கனமான வார்ப்பு இரும்பு. 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை மீறியபோது திருநெல்வேலி சிந்துபூந்துறையில் அண்ணன் வீட்டு அடுப்படிக்குள்ளும் தண்ணீர் புகுந்துவிட்டது. சேற்றை அள்ளி வெளியே போட்டபோது கல்லும் அதோடு போய், கொல்லையிலேயே கிடந்திருக்கிறது. எடைக்குப் போடுகிற சாமான்களோடு அதைக் கண்ட நான் வாங்கி வந்துவிட்டேன். துரு பொருக்குப் பொருக்காக உரிந்தது. விரிசல் மட்டும் இல்லை. விரிசல் இருந்திருந்தால் நானும் எடைக்குத்தான் போட்டிருப்பேன்.

முதலில் தண்ணீர் படாமல் உப்புத்தாள் போட்டுப் பொருக்கை எடுத்தேன். பிறகு கெட்டியான புளிக்கரைசலைப் பூசிச் சற்று நேரம் விட்டு, தேங்காய் நாரும் செங்கல் பொடியும் வைத்துத் தேய்த்தேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது, அதை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. சாம்பல் நிறத்தில் வெற்று இரும்பு தெரிந்ததும் கழுவினேன்.

கவனம் தேவைப்படுவது இதற்குப் பிறகுதான். கழுவிய கல்லைத் துண்டால் துடைத்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால், திரும்பி வருவதற்குள் மஞ்சளாகப் புதுத்துரு படர்ந்திருக்கும். ஈரத்தோடு நேராக அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். அதுவும் சிறுதீயில், வார்ப்பு இரும்பு திடீர்ச் சூட்டைத் தாங்காது.

கை பொறுக்கும் சூட்டில் நல்லெண்ணெய் சில சொட்டு. பூசிய உடனே உலர்ந்த துணியால், எண்ணெயே தடவவில்லை என்று தோன்றும்வரை துடைத்தெடுக்க வேண்டும். மிஞ்சுகிற அந்த மெல்லிய படலம் போதும். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, கல் புகைந்து, புகை அடங்கும்வரை காய்ச்சுங்கள். அந்தச் சூட்டில் எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து, இரும்பைப் பற்றிய கெட்டித் தோலாக மாறுகிறது. ஆறவிட்டு மறுபடி பூச்சு, மறுபடி காய்ச்சல். நிறம் தவிட்டிலிருந்து கறுப்புக்குப் போகும்வரை இதேதான். தேங்காய் எண்ணெய் இதற்குச் சரிவராது. அதில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி, எளிதில் இறுகாது.

முதல் தோசை பிய்ந்துதான் வந்தது. பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல் முழுக்கத் தேய்த்து ஊற்ற ஊற்ற, ஓரம் தானாகக் கிளம்பித் தோசைக்கரண்டிக்கு வேலை குறைந்தது. கல் நன்றாகப் பழகும்வரை தக்காளியோ புளியோ சேர்ந்த எதையும் அதில் வதக்காதீர்கள். படிந்த தோல் போய்விடும். உவரிப் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவைத்து எண்ணெய்க் கையால் ஒரு தடவு தடவி வைப்பது நல்லது. உப்புக்காற்றுக்கு ஒரு ராத்திரி போதும்.

எங்கள் மதினி இதையெல்லாம் கேட்டுவிட்டு, “இந்தச் சில சொட்டு எண்ணெயில் என்ன ஆகும்?” என்று தன் கல்லில் தாராளமாக ஊற்றிக் காய்ச்சினார். பிசின் போல ஒட்டிக்கொண்டது. சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொன்னேன். நான்ஸ்டிக் வாங்கிக்கொள்கிறாராம்.