இழை: 'பிளாக் டைம்' தமிழில்? (வெள்ளிக்குள் வேண்டும்)

இரா.மு.:
வணக்கம். பயணச்சீட்டுச் செயலி ஒன்றின் தமிழாக்கம் வெள்ளியன்று போகவேண்டும். லண்டன் ஹீத்ரோ – பாரிஸ் சார்ல் து கோல் பக்கத்தில் மூன்று எண்கள். தூரம் 348 கி.மீ.; பூமியின் வளைவில் மிகக் குறுகிய தூரம் என்பதால் 'பெருவட்டத் தொலைவு' என்று போட்டுவிட்டேன். வானில் இருப்பது ஏறக்குறைய முக்கால் மணி. 'பிளாக் டைம்', அதாவது விமானம் நிறுத்திய இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து போய் நிற்கும்வரை, 1 மணி 20 நிமிடம். பின்னிரண்டையும் எப்படிப் பிரிப்பது? 'பறப்பு நேரம்' என்றால் எது?

செ.வே.:
பிளாக் என்பது சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கட்டை. நம் தேருக்குப் போடும் முட்டுக்கட்டையேதான். கட்டை எடுத்ததிலிருந்து மறுபடி கட்டை போடும்வரை. ஆகவே 'கட்டை நேரம்'. வடம் பிடித்தவனுக்கு விளக்கம் வேண்டாம்.

த.க.:
ஐயா, விமானம் ஏற நிற்பவரிடம் 'உங்கள் கட்டை நேரம் 1 மணி 20 நிமிடம்' என்றால் ஏறுவாரா? எங்கள் ஊரில் கட்டையில் போவது வேறு.

செ.வே.:
சிரிக்கட்டும். அப்படியானால் 'முட்டுநீக்க நேரம்'. மற்றதற்கு 'வானேரம்'. தேன்+நிலவு தேனிலவு ஆகிறதே, வான்+நேரம் ஆகாதா? புறநானூறு 27-லேயே 'வலவன் ஏவா வான ஊர்தி' வந்துவிட்டது. வலவன் என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் பைலட் என்கிறோம்!

த.க.:
அது வலவன் இல்லாத ஊர்தி, நான் ஏறமாட்டேன். 'வானேரம்' கண்டவர் வான், ஏரம் என்று பிரித்து, ஏரத்துக்கு அகராதி புரட்டுவார். சந்தி சரிதான், செயலிக்கு ஆகாது.

ந.சு. (பாரிஸ்):
இஞ்ச சனம் பிளேன் எண்டுதான் சொல்லும். உங்கட சண்டையை விட நேர வித்தியாசம்தான் பெரிய கரைச்சல்; லண்டனை விட இஞ்ச ஒரு மணித்தியாலம் முன்னுக்கு. மாமி காலமை 9 மணிக்கு ஹீத்ரோவில வெளிக்கிட்டு இஞ்ச 11.20க்கு வந்தா, 'ரெண்டேகால் மணித்தியாலம் இருத்திப்போட்டாங்கள்' எண்டு பேச்சு. திரும்பிப் போகேக்க 10க்கு ஏறி 10.20க்கு இறங்கினவுடன 'இருபது நிமிசத்தில வந்திட்டன்' எண்டு புளுகம். 'உள்ளூர் நேரப்படி' எண்டு ஒரு வரி போடுங்கோ, தம்பி.

வி.அ.:
விமானத் துறையில் இருந்தவன் என்பதால் ஒரு திருத்தம். சர்வதேச சிவில் விமான அமைப்பின் வரையறையில் 'பிளைட் டைம்' என்பதே, விமானம் புறப்பாட்டுக்காக முதலில் நகர்வதிலிருந்து முடிவில் அசையாமல் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் சேர்த்தி. விமானியின் குறிப்பேட்டில் ஏறுவதும் அதுதான். எனவே 'பறப்பு நேரம்' 1 மணி 20 நிமிடத்துக்கே உரியது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே விமானம் போகும் தூரம் 2.7 கி.மீ.; அட்டவணையில் இரண்டே நிமிடம். அங்கே பறப்பதை எங்கே தேடுவது?

செ.வே.:
தரையில் ஊர்வது பறப்பா? வரையறை எழுதியவன் தமிழ் படிக்கவில்லை.

வி.அ.:
ஐயா, அவர் தமிழ் படிக்கவேண்டிய அவசியமும் இல்லை.

இரா.மு.:
நேரமில்லை. 'வானில்', 'மொத்த நேரம்' என்று அனுப்பிவிட்டேன். மாமிக்காக 'உள்ளூர் நேரப்படி' சேர்த்திருக்கிறேன். வி.அ. ஐயா பொறுக்கவேண்டும்.

வி.அ.:
பொறுத்தேன், ஒப்பவில்லை. சோதனையிலிருந்து வாயிலில் காத்திருப்பது வரை எல்லாம் 'மொத்த'த்தில் அடங்கும் என்று நினைப்பார்கள்.

செ.வே.:
'முட்டுநீக்க நேரம்' என் அகராதிக் கோப்பில் இருக்கும்.

ந.சு.:
அதுசரி, சார்ல் து கோல் எண்டு ஆர் இஞ்ச சொல்லுறது? ருவாசி எண்டுதானே. அதையும் மாத்தலாமோ?