ஃப்ளூ ஊசிக்குப் பிறகு ஆய்வுக்கு இரத்தம் கொடுத்தவர்கள் உண்டா? அனுபவம் சொல்லுங்கள்

டர்பன், சாட்ஸ்வொர்த்

அம்மாவுக்கு 71 வயது. மார்ச் கடைசியில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டார். அங்கே ஓர் ஆய்வுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஊசிக்கு முன் ஒரு குழாய் இரத்தம், மூன்று வாரம் கழித்து இன்னொரு குழாய். "நாலு பேருக்கு உதவுமே" என்று அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மூன்றாவது வாரம் பெரிய வெள்ளி வந்துவிட்டது. அன்றைக்கு மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் திருவிழாவை விட்டுவிட்டு அம்மா எங்கும் வரமாட்டார். 28 நாளுக்குள் வந்தால் சரி என்றார்கள். ஐந்து நாள் தள்ளிப் போனோம்.

அப்புறம் ஒரு தாள் கையில் கொடுத்தார்கள். மூன்று ஃப்ளூ வகைகள், ஒவ்வொன்றுக்கும் ஊசிக்கு முன் ஓர் எண், பின் ஓர் எண். எச்1என்1: 20, 160. எச்3என்2: 80, 160. பி: 10, 20. முதல் வரிக்கு நேரே மட்டும் 'ஏற்றம் உண்டு', மற்ற இரண்டுக்கும் 'இல்லை'. யாரும் எதுவும் விளக்கவில்லை. "கைகூட வலிக்கலையே, அதான் ஊசி பிடிக்கலை" என்று அம்மா அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

லெனேசியா

அக்கா, நான் ஆய்வகத்தில் இந்தச் சோதனையைச் செய்கிறவன். அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

நாங்கள் அளப்பது எதிர்ப்பொருளை, அதாவது கிருமியைத் தடுக்க உடல் உண்டாக்கும் பொருளை. இரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த நீரான சீரத்தைப் பிரித்து, ஒரு நொதி கலந்து, 37 டிகிரியில் ஓர் இரவு வைப்போம். சீரத்தில் இயல்பாகவே இருக்கும் வேறு சில பொருள்களும் வைரஸைத் தடுக்கும். அவற்றை நீக்காவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். மறுநாள் 96 குழி உள்ள தட்டில் சீரத்தை 10 மடங்கு, 20, 40, 80 என்று நீர்க்க வைத்துக்கொண்டே போவோம். ஒவ்வொரு குழியிலும் ஒரே அளவு வைரஸ், கடைசியாக வான்கோழியின் சிவப்பணு.

அரை மணி நேரம் கழித்துத் தட்டைச் சாய்ப்போம். எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது. எதிர்ப்பொருள் போதுமான அளவு இருக்கும் குழியில் சிவப்பணு அடியில் பொட்டு மாதிரி உட்கார்ந்திருக்கும். சாய்த்ததும் கண்ணீர்த் துளிபோல் வழியும். போதாத குழியில் வைரஸ் சிவப்பணுக்களைப் பிணைத்துவிடும். அது வலைபோல் விரிந்து அசையாமல் நிற்கும். கடைசியாக வழிந்த குழி எதுவோ, அதன் நீர்ப்புதான் தாளில் இருக்கும் எண். ஃப்ளூ வைரஸ் கோழியின் சிவப்பணுவைக் கட்டிக்கொள்வதை 1941இல் அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் ஹர்ஸ்ட் கண்டார். இன்றும் அடிப்படை அதுதான். (இப்போதைய எச்3என்2 வான்கோழி அணுவில் சரியாகப் பிடிப்பதில்லை. அதற்குக் கினிப்பன்றி அணுவோ வேறு சோதனையோ வேண்டும்.)

ஒரே சீரத்தை இரண்டு முறை செய்தால்கூட ஒரு குழி வித்தியாசம் வரும். அதனால் இரண்டு குழி, அதாவது நான்கு மடங்கு ஏறினால்தான் 'ஏற்றம்' என்று எழுதுவோம். அம்மாவுக்கு எச்3என்2 முன்பே 80. பழைய ஊசியாலோ, முன்பு வந்த காய்ச்சலாலோ இருக்கலாம். அது 160 ஆனதை 'இல்லை' என்று எழுதுவது எங்கள் கணக்குக்குச் சரி, அம்மாவுக்கு அது தோல்வி இல்லை. 40 இருந்தால் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகும் என்பது 1972இலிருந்து வரும் அளவுகோல். அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பவருக்கும் காய்ச்சல் வரலாம், கீழே இருப்பவர் தப்பலாம். பி வகையில் ஏற்றம் குறைவுதான், அதை மறைக்கமாட்டேன். வயதானால் இது சகஜம். கை வலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

நான் நர்ஸ். டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு தாத்தா போன ஏப்ரலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எண்ணைப் பார்த்துச் சொல்லும்மா, குறைஞ்சா இன்னொண்ணு போட்டுக்கறேன்" என்றார். ஊசி போட்ட எல்லாருக்கும் இந்தச் சோதனை செய்வதில்லை, இது ஆய்வுகளுக்கானது என்று சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

அவரிடம் சோவெட்டோவில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னேன். 2011, 2012இல் கர்ப்பிணிகளுக்கு ஃப்ளூ ஊசி போட்டுப் பார்த்தார்கள். எச்.ஐ.வி. உள்ள 194 பெண்களும் அதில் இருந்தார்கள். அந்தத் தொற்று இல்லாதவர்களைவிட இவர்களுக்கு எண் குறைவாகத்தான் ஏறியது. ஆனாலும் ஊசி 57.7 சதவீதம் பாதுகாப்புக் கொடுத்தது. சிறிய குழு என்பதால் அந்த எண் முன்னே பின்னே இருக்கலாம். இரத்தத்தில் இந்த ஒரு சோதனைக்கு அகப்படாத பாதுகாப்பும் உண்டு என்று நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். தாத்தா ஊசி போட்டுக்கொண்டு போனார்.

டர்பன், சாட்ஸ்வொர்த்

தம்பி, இரண்டு தடவை படித்துக் காட்டினேன். கண்ணீர்த் துளி வந்த இடத்தில் அம்மா நிறுத்தச் சொல்லி, "அப்போ என்னோடது வழிஞ்சிருக்குல்ல?" என்று கேட்டார். எச்1என்1 தட்டில் 160 வரை வழிந்தது என்றேன். நேற்று நன்றாகத் தூங்கினார்.

இங்கே தென்னாப்பிரிக்காவில் ஆடி என்றால் நடுக்குளிர். கூழ்ப் பானையைச் சுற்றி இருமலும் தும்மலுமாகத்தான் கூட்டம் நிற்கும். பி குறைவு என்பதால் இந்த வருஷம் முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் கூழ் ஊற்றுவேன் என்கிறார். பக்கத்து வீட்டு ஆயா இன்னும் ஊசி போடவில்லையாம். திங்கட்கிழமை அவரைக் காரில் அழைத்துப் போகும்படி அம்மா என்னிடம் சொல்லியிருக்கிறார்.