பீட்டா, டிவி (DV) வீடியோ டேப்புகளைக் கேப்சர் செய்து கணினிக் கோப்பாக்கும்போது இடறும் இடங்கள்

டெக்கில் (டேப்பை ஓட்டும் கருவி) போடுமுன் கேசட்டின் நிறத்தைப் பாருங்கள். சோனியின் அரை அங்குல பீட்டாகேம் வகைகளில் எஸ்பி (SP) சாம்பல், டிஜிபீட்டா நீலம், எஸ்எக்ஸ் மஞ்சள், ஐஎம்எக்ஸ் பச்சை. வெளித்தோற்றம் ஒன்றேதான், உள்ளே பதிந்திருப்பது வேறு வேறு. எஸ்பி அனலாக். 1993-இல் வந்த டிஜிபீட்டா 10 பிட், 4:2:2 (நிறம் கிடைவாக்கில் மட்டும் பாதி), சுமார் 2.3:1 சுருக்கம். எஸ்எக்ஸ், எம்பெக்-2 என்ற சுருக்க முறையில் இரண்டிரண்டு ஃபிரேமாகக் கட்டி விநாடிக்கு 18 மெகாபிட்டில் அடக்கியது. ஐஎம்எக்ஸும் எம்பெக்-2தான், ஆனால் அதில் ஒவ்வொரு ஃபிரேமும் தனி, 50 மெகாபிட். பழைய டெக் வாங்குவோர் மாடல் எண்ணைக் கவனிக்க வேண்டும்: டிவிடபிள்யூ-500 எஸ்பியை ஓட்டாது, ஏ500 ஓட்டும்.

எஸ்பியில் 3, 4-ஆம் ஆடியோ சேனல்கள் படத்தோடு சேர்ந்து பதிபவை. ஆகவே படத்தில் டிராப்அவுட் (டேப்பிலிருந்து சிக்னல் கிடைக்காத இடைவெளி) விழும் இடத்தில் அவற்றிலும் கரகரப்பு கேட்கும். அந்த இடங்களுக்கு 1, 2-ஐ எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

*

அடுத்து டிவி (DV) வகைகள். சோனியின் தொழில்முறை வடிவமான டிவிகேமில் (DVCAM) படம் மினிடிவியைவிடத் (MiniDV) தெளிவு என்பது நெடுநாள் மூடநம்பிக்கை. இரண்டும் 8 பிட், 25 மெகாபிட், 5:1 சுருக்கம். மாறுவது டிராக்கின் அகலம்தான்: டிவி 10 மைக்ரான், டிவிகேம் 15, பானசோனிக்கின் டிவிசிப்ரோ (DVCPRO) 18. அகலம் கூடினால் டேப் வேகமாக ஓடும், அதனால்தான் 60 நிமிட மினிடிவி கேசட்டில் டிவிகேம் 40 நிமிடமே பிடிக்கும். கிடைக்கும் லாபம் டிராப்அவுட்டைத் தாங்கும் வலு.

இவற்றை எஸ்டிஐ (சுருக்கத்தை விரித்த வீடியோவைத் தரும் இணைப்பு) வழியாக எடுத்து மறுபடி சுருக்காதீர்கள். ஃபயர்வயர் கேபிளில் எடுத்தால் டேப்பில் உள்ள பிட்டுகளே கோப்பில் வந்து உட்காரும், மணிக்கு சுமார் 13 ஜிபி.

பால் (PAL, இந்தியா உள்ளிட்ட நாடுகளின் வீடியோ தரம்) முறையில் ஒரு பொறி உண்டு. டிவி, டிவிகேம் 4:2:0 (நிறம் கிடைவாக்கிலும் செங்குத்திலும் பாதி). டிவிசிப்ரோ 25 மட்டும் 4:1:1 (கிடைவாக்கில் மட்டும் கால் பங்கு). அதை நேராக எச்.264 4:2:0-க்கு மாற்றினால், கிடைவாக்கில் ஏற்கெனவே கால் பங்கான நிறம் செங்குத்திலும் பாதியாகும். சிவப்பு எழுத்துகளின் ஓரம் கசிவது இதனால்தான். மூலக் கோப்பை அழிக்காமல் வையுங்கள்.

படம் கிடைவாட்டில் பட்டைபட்டையாகப் பிரிந்து, ஒன்றுவிட்டு ஒன்று சதுரக் கட்டங்களாக உடைந்தால் குற்றம் டேப்பில் இல்லை. பாலில் ஒரு ஃபிரேம் 12 டிராக், இரண்டு ஹெட்டுகள் மாறி மாறிப் படிக்கும். அதில் ஒன்று அடைத்திருக்கிறது. கிளீனிங் கேசட்டைச் சில விநாடி மட்டும் ஓட்டுங்கள். அதை ரிவைண்ட் செய்து மீண்டும் பயன்படுத்தினால் எடுத்த அழுக்கையே திரும்பப் பூசுவீர்கள்.

*

இன்னும் இரண்டு. ஒரு ஃபிரேமின் ஒன்றுவிட்டு ஒன்று வரிகள் சேர்ந்தது ஒரு ஃபீல்டு. பாலில் டிவி வகைகள் கீழ் ஃபீல்டை முதலில் தரும், டிஜிபீட்டாவும் ஐஎம்எக்ஸும் மேல் ஃபீல்டை. ஒரே டைம்லைனில் கலந்தால் அசைவுள்ள ஷாட்டுகள் முன்னும் பின்னும் துடிக்கும். ஒரு வரி நகர்த்தினால் சரி. ஐஎம்எக்ஸ் டேப்பிலிருந்து வந்த எம்எக்ஸ்எஃப் (MXF) வீடியோ கோப்பு 720×608 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். மேலே உள்ள 32 வரிகள் படமல்ல. அவற்றை வெட்டி 576 ஆக்குங்கள். ஸ்கேல் செய்தால் ஃபீல்டுகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.