நோய் போன பின்னும் கிடக்கும் சூட்டுக்கு என்ன பெயர்?

குலசேகரத்திலிருந்து, ஞாயிறு காலை

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் ஊர் வாசகசாலைக்காகப் பதினாறு பக்கத்தில் ஒரு சிறுநூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். வைரஸ் காய்ச்சல் வந்து போன பிறகும் சிலருக்கு ஏன் மாதக்கணக்கில் உடம்பு தேறுவதில்லை என்பதுதான் விஷயம். பதினோரு பக்கம் வரை வண்டி ஓடிவிட்டது. பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு சொல் கிடைக்காமல் நிற்கிறது.

அழற்சி நம்மிடம் இருக்கிறது. நல்ல சொல். அழல் என்றால் தீ. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று முதல் நூற்றாண்டில் ரோமானியரான செல்சஸ் எழுதிவைத்த நான்கு அடையாளங்களும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. மூட்டழற்சி, கல்லீரல் அழற்சி என்று எதோடும் ஒட்டவும் செய்யும். பழைய வைத்தியர்கள் தாபிதம் என்றார்கள். அதிலும் உள்ளே இருப்பது சூடுதான்.

வைரஸ் செல்லுக்குள் நுழைந்ததும் நடப்பதை எழுதச் சிரமம் இருக்கவில்லை. செல்லில் இருக்கும் காவல் புரதங்கள் வைரஸின் ஆர்.என்.ஏ.வை மோப்பம் பிடிக்கின்றன. இன்டர்ஃபெரான் வெளியே போய்ப் பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்துகிறது. 1957ல் ஐசக்ஸும் லிண்டன்மானும் கண்டுபிடித்த பொருள் அது. செல்கள் அனுப்பும் தகவல் புரதங்களான சைட்டோகைன்கள் கூவி அழைக்கின்றன, ரத்தக் குழாய்கள் விரிகின்றன, வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. தீ மூண்டுவிட்டது.

அப்புறம் அது அணைய வேண்டும். நான் எழுத உட்காரும் வரை, வைரஸ் போனால் தீயும் தானாகப் போய்விடும் என்றே நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அணைப்பதும் உடம்புக்கு ஒரு வேலை. அதற்கென்று தனிப் பொருள்களைச் சுரந்து, வெள்ளணுக்களின் வரத்தை நிறுத்தி, செத்த செல்களை விழுங்கி அப்புறப்படுத்தினால்தான் இடம் பழையபடி ஆகும். இதற்குத் 'தணிவு' என்று போட்டிருக்கிறேன். யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நம்புகிறேன்.

என் சிக்கல் இதற்கு நடுவில் இருக்கிறது. தீ மூண்டது, தணியவில்லை, ஆனால் எரியவும் இல்லை. அந்த நிலைக்கு என்ன சொல்?

'நாள்பட்ட அழற்சி' என்று புத்தகங்களில் உண்டு. அது நாளைத்தான் கணக்கிடுகிறது, நிலையைச் சொல்லவில்லை. எனக்கு வேண்டியதை என் மயினி (அண்ணி) எப்போதோ சொல்லிவிட்டார். கருங்கல் பக்கம் ஓர் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புத் தோல் உரிக்கும் வேலை அவருக்கு. சிக்குன்குனியா இந்தியாவுக்கு 32 ஆண்டு கழித்துத் திரும்பி வந்த சமயம். 2006ல் மட்டும் நாடு முழுக்க ஏறத்தாழ 14 லட்சம் பேருக்கு அது என்று சந்தேகித்தார்கள். அடுத்த மழையில் மயினிக்கும் வந்தது. எங்கள் பக்கம் ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டையில் மழைத்தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். காய்ச்சல் ஐந்து நாளில் விட்டது. விரல்கள் மூன்று வருடம் விடவில்லை. காலையில் எழுந்தால் கை மடங்காது. கை மடங்காதவரால் பருப்பு உரிக்க முடியாது; உரித்த எடைக்குத்தான் கூலி.

ஒரு மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, மனதைத் தளரவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து மயினி சொன்னது: "காய்ச்சல் விட்டுப் போச்சு தம்பி. விரலுக்க உள்ள கனல் கெடக்கு."

ஆகவே என் முன்மொழிவு: அழல், அழற்சி என்று ஆனதுபோல, கனல், கனற்சி. தாக்குங்கள்.

சென்னையிலிருந்து, ஞாயிறு இரவு

ஐயாவுக்கு வணக்கம். சொல்லாக்கம் இலக்கணப்படி சரி. அழலுதல் போலவே கனலுதலும் உண்டு, பிறவினையாகக் கனற்றுதலும் உண்டு. ஆகவே கனற்சி தாராளமாக நிற்கும். என் மறுப்பு பொருளில்தான்.

இலக்கியத்தில் கனலும் தீ, அழலும் தீ. ஒரே பொருளுள்ள இரண்டு சொற்களை எடுத்து ஒன்று கொழுந்துவிட்டு எரிவது, மற்றது உள்ளே கிடப்பது என்று நாம் பாகம் பிரித்துக் கொடுத்தால், படிக்கும் மாணவன் அந்தப் பத்திரத்தை எங்கே போய்ப் பார்ப்பான்? காதில் விழும்போதும் அழற்சி, கனற்சி இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன. வகுப்பின் கடைசி வரிசைக்கு வித்தியாசம் கேட்காது.

நான் 'எச்ச அழற்சி' என்பேன். தொற்று முடிந்தபின் எஞ்சியது. எச்சம் என்றால் பறவையின் எச்சமும் ஞாபகத்துக்கு வரும் என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: இலக்கணத்தில் முற்றுப் பெறாத வினைக்கும் எச்சம் என்றுதான் பெயர். முற்றுப் பெறாத நோய்க்கு இதைவிடப் பொருத்தம் வேறு என்ன?

தக்கலையிலிருந்து, திங்கள்

சார், நான் மருந்து எழுதுகிறவன், சொல் எழுதுகிறவன் இல்லை. ஆனாலும் இரண்டு விஷயம்.

முதலாவது, கனல் பற்றி. சென்னை ஐயாவுக்கு அது தீயாக இருக்கலாம். எங்கள் கல்குளம், விளவங்கோடு பக்கம் வந்து அடுப்பிலிருந்து கனல் எடுத்து வா என்றால் ஒரு பிள்ளையும் எரிகிற விறகைத் தூக்கிக்கொண்டு வராது. சாம்பலைத் தட்டிவிட்டுச் சிவந்து கிடக்கும் துண்டைத்தான் எடுக்கும். மலையாளத்திலும் அதுதான் பொருள். நீங்கள் கேட்ட பத்திரம் எங்கள் அடுப்படியில் இருக்கிறது.

இன்னும் சொல்லப்போனால், கொசு விரட்ட வீட்டுக்குப் பின்னால் கதம்பை போட்டுப் புகைப்போமே, அதுதான் இந்த நோய். தேங்காய் மட்டைக்குள் நெருப்பு புகுந்தால் மேலே ஒன்றும் தெரியாது. சாயங்காலம் வைத்தது விடிய விடிய உள்ளேயே தின்றுகொண்டு போகும். சிக்குன்குனியாவுக்குப் பிறகு நாள்பட்ட மூட்டுவலி இருந்த ஒருவரின் மூட்டுச் சவ்வை ஆராய்ந்தபோது, காய்ச்சல் வந்து 18 மாதம் கழித்தும் வைரஸின் ஆர்.என்.ஏ. அங்கே இருந்தது. உயிருள்ள வைரஸ் கிடைக்கவில்லை. ஆனால் மிச்சம் கிடந்தால் போதும், நோயெதிர்ப்புச் செல் அதைப் பார்த்துப் பார்த்து முறைத்துக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். உங்கள் பன்னிரண்டாம் பக்கம் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுகிறது. காய்ச்சலுக்குப் பின் தேறாத எல்லோருக்கும் உள்ளே கனல் கிடக்கிறது என்று எழுதாதீர்கள். சிலருக்கு வைரஸின் மிச்சம். சிலருக்குக் காய்ச்சலின்போது நுரையீரலுக்கோ நரம்புக்கோ ஏற்பட்ட சேதம் ஆறவில்லை, அவ்வளவுதான். சிலருக்கு உடம்பில் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்த வேறொரு வைரஸ் எழுந்துகொள்கிறது. இன்னும் சிலருக்கு நோயெதிர்ப்பு ஆள் மாறி அடிக்கிறது. எப்ஸ்டீன்–பார் வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் பெரும்பாலானவர்கள் உடம்பில் சத்தமில்லாமல் குடியிருக்கிறது. அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து 2022ல் வந்த ஆய்வு, அந்தத் தொற்றுக்குப் பிறகு மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் என்ற நரம்பு நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுகிறது என்று காட்டியது. அதே ஆண்டு இன்னொரு குழு, அந்த வைரஸின் ஒரு புரதமும் நம் நரம்பு மண்டலத்துப் புரதம் ஒன்றும் ஒரு துண்டில் ஒரே சாயல் என்று கண்டது. வைரஸைப் பிடிக்கச் செய்த எதிர்ப்பொருள் சொந்த நரம்பில் போய் ஒட்டுகிறது. வைரஸ் வந்தவர்களில் மிகச் சிலருக்குத்தான் இப்படி ஆகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு என் கிளினிக் வாசலில் கூட்டம் நிற்கும்.

இந்தச் சாயல் விவகாரத்துக்கு 'மூலக்கூற்று ஒப்புப்போலி' என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். நோயாளியிடம் இதைச் சொன்னால் மாத்திரை பெயர் என்று நினைப்பார். ரேஷன் கடையிலும் ஓட்டுச்சாவடியிலும் எல்லோருக்கும் தெரிந்த சொல் இருக்கிறதே: ஆள்மாறாட்டம்.

கடைசியாக ஒரு தமாஷ். மூட்டு என்றாலும் மூட்டுதல் என்றாலும் எழுத்தில் ஒரே வேர் மாதிரி இருக்கிறது. மூட்டில் மூட்டிய தீ. இதை நூலில் சேர்க்க வேண்டாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து, திங்கள் இரவு

வணக்கம். எங்கட பாடநூல்களில் நோயெதிர்ப்புக்கு நிர்ப்பீடனம், எதிர்ப்பொருளுக்குப் பிறபொருளெதிரி. இரண்டையும் நான் பள்ளியில் மனப்பாடம் செய்தேன், இரண்டையும் இன்றுவரை வீட்டில் ஒருவரிடமும் சொன்னதில்லை. அதனால் அடுப்படிச் சொல்லுக்கே என் வாக்கு.

உங்கள் ஊருக்கும் எங்களுக்கும் இந்த விஷயத்தில் பழைய உறவு உண்டு. மானிப்பாயிலிருந்து தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் வைத்தியரின் குழு ஆக்கிய 'கெமிஸ்தம்' என்ற வேதியியல் நூல் 1875ல் அச்சானது நாகர்கோயிலில்தான். வேதியியலுக்குத் தமிழ்ச் சொல் தேடி மண்டையை உடைக்காமல், வந்த சொல்லுக்கே ஒரு 'அம்' விகுதி போட்டு வேட்டி கட்டிவிட்டார்கள். அந்தச் சொல் நிலைக்கவில்லை. வேட்டி கட்டினால் மட்டும் போதாது போலும். சொல்லுக்கு ஊரில் ஓர் உறவுக்காரன் வேண்டும். கனலுக்கு இருக்கிறான்.

சென்னையிலிருந்து, செவ்வாய்

அடுப்படிப் பத்திரத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மருத்துவர் ஐயா சொன்னதையே பிடித்துக்கொண்டு கேட்கிறேன். நோயாளிக்குச் சோர்வு இருக்கிறது, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு சாதாரணமாக இருக்கிறது, அழற்சிக்கு அத்தாட்சி இல்லை. அவருக்கு எப்படிக் கனற்சி என்று பெயர் வைப்பீர்கள்? காரணம் தெரியாத இடத்தில் காரணத்தைச் சொல்லும் பெயர் கூடாது.

குலசேகரத்திலிருந்து, வியாழன்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் பதில் எழுதாததற்கு மழையும் மின்தடையும் காரணம்.

சென்னை ஐயாவின் கடைசிக் கேள்வி என்னை நன்றாக உட்காரவைத்தது. முடிவில் அவருடைய சொல்லையும் என்னுடைய சொல்லையும் வேறு வேறு நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறேன். காய்ச்சல் வந்து மூன்று மாதம் ஆகியும் தேறாத எல்லா நிலைக்கும் பொதுப்பெயர் தொற்றெச்சம். காரணம் சொல்லாது, முற்றுப் பெறவில்லை என்று மட்டும் சொல்லும். மூன்று மாதம் என்பது என் கணக்கு அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2021ல் நீண்ட கோவிடுக்கு வகுத்த வரையறையில் இருப்பது. சோதனையிலோ சவ்விலோ அணையாத அழற்சி தெரிந்தால் மட்டும் கனற்சி. உருவச்சாயலால் எதிர்ப்பொருள் தவறிப்போய்ச் சொந்த உடம்பைத் தாக்குவது ஆள்மாறாட்டம், முன்னால் 'மூலக்கூற்று' என்று போடாமலே. நூலில் வேறு ஆள்மாறாட்டம் எதுவும் வரவில்லை.

நீண்ட கோவிட் என்ற பெயரே மருத்துவர்கள் வைத்தது அல்ல. இத்தாலியில் நோயோடு கிடந்த எலிசா பெரேகோ 2020 மே மாதம் ட்விட்டரில் போட்ட சொல் அது. ஒரே ஆண்டில் மருத்துவ இதழ்கள் அதை எடுத்துக்கொண்டன. படுத்துக் கிடக்கிறவருக்குத்தான் பாயின் முடிச்சு எங்கே குத்துகிறது என்று தெரியும். மயினிக்கும் அந்த உரிமை உண்டு என்பதால்தான் கனலை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

விவாதத்தில் வராத ஒரு சொல்லையும் நுழைத்திருக்கிறேன். தட்டம்மையை நம் ஊரில் மணல்வாரி என்கிறோம். அந்த வைரஸ் நோயெதிர்ப்பின் பழைய நினைவுகளையே வாரிக்கொண்டு போகிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளை ஆராய்ந்து 2019ல் வெளியான முடிவில், முன்பு சம்பாதித்திருந்த எதிர்ப்பொருள் வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை தட்டம்மைக்குப் பின் காணாமல் போயிருந்தன. இங்கே தீ கிடப்பதில்லை, வீடே காலியாகிவிடுகிறது. 'எதிர்ப்பு மறதி' என்று போட்டேன். கடற்கரை மணலை அள்ளும் ஆலை உள்ள மணவாளக்குறிச்சிக்காரர்களுக்கு மணல் வாருவது பற்றி நான் விளக்கத் தேவையில்லை.

நேற்று மெய்ப்பை மயினியிடம் வாசித்துக் காட்டினேன். ஆள்மாறாட்டத்துக்குச் சிரித்தார். தொற்றெச்சம் வந்தபோது வெளியே கோழியைப் பார்த்தார். கனற்சி வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"நான் கனல்னுதானே சொன்னேன். அதுக்க வாலுல ஒரு சி எதுக்கு?"

இகழ், இகழ்ச்சி, முயல், முயற்சி என்று ஆரம்பித்தேன். அதற்குள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

ஆகவே உள்ளே கனற்சி, பன்னிரண்டாம் பக்கத்தின் தலைப்பு மட்டும் 'விரலுக்குள் கனல்'. மறுப்பு உள்ளவர்கள் சனிக்கிழமை மதியத்துக்குள் எழுதுங்கள். மார்த்தாண்டத்து அச்சகம் ஞாயிற்றுக்கிழமை திறக்காது.