தம்பி கஞ்சாவ விடணும்னு சொல்றான், போன் ஆப் ஏதாவது உண்மையிலேயே உதவுமா?

கேட்டவர்: வெண்பா_அக்கா

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பி வேலைக்குப் போறவன், சில வருஷமா தினமும் ராத்திரி கஞ்சா அடிக்கிற பழக்கம் இருக்கு. போன வாரம் அவனா வந்து "அக்கா, விட்டுடணும்னு இருக்கேன்"னான், யாரும் கட்டாயப்படுத்தல. ஆனா கவுன்சிலர்கிட்ட நேர்ல போக மாட்டேங்கிறான், யாராவது பாத்துட்டா என்ன பண்றதுன்னு பயம். போன்லயே ஏதாவது இருந்தா பண்றேங்கிறான். தேடிப் பாத்தேன், நிறைய ஆப் இருக்கு, ஆனா பாதிக்கு மேல விட்டு எத்தனை நாள் ஆச்சுன்னு எண்ணிக் காட்டுறதோட சரி. அதால ஏதாவது நடக்குமா? முன்னாடி விட்டப்போ ரெண்டாவது ராத்திரி தூக்கமே இல்ல, எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தான், மறுபடி ஆரம்பிச்சுட்டான். அந்த மாதிரி ராத்திரிக்கு போன் என்ன செய்யும்? அப்புறம் அதே ஆப்ப நானும் போட்டுக்கிட்டு அவன் எப்படி இருக்கான்னு பாத்துக்கிட்டா நல்லதா கெட்டதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பதில் 1: மறுகரை

அக்கா, நானும் தினமும் அடிச்சு விட்டவன்தான், அதனால சொல்றேன். நாள் எண்ணுற ஆப் முதல்ல ஒரு தெம்பு குடுக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு ராத்திரி தவறிட்டா அது பூஜ்யம்னு காட்டும், உடனே மனசு "போச்சு, இனிமே என்ன"ன்னு சொல்லி அடுத்த நாளும் அடிக்க வெச்சிடும். அதனால இந்த மாசத்துல அடிக்காத நாள் மொத்தம் எத்தனைன்னு காட்டுற மாதிரி ஆப் இருந்தா பாருங்க, இல்லன்னா போன் காலண்டர்ல பச்சை கலர் வெச்சாலே போதும்.

எனக்கு பெரிசா உதவுனது விடுறதுக்கு முன்னாடி எழுதுன டைரிதான். எப்ப அடிக்கத் தோணுச்சு, எங்க இருந்தேன், கூட யாரு, மனசு எப்படி இருந்துச்சு, இந்த நாலத்தான் போன்ல டைப் பண்ணுவேன். ஒரு வாரம் எழுதிப் பாத்தா, நாள் முழுக்க தோணுதுன்னு நினைச்சது தப்பு, வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்து கதவ சாத்துன முதல் அரை மணி நேரம்தான் எல்லாமேன்னு தெரிஞ்சுச்சு. அப்புறம் அந்த நேரத்துக்கு மட்டும் ஏற்பாடு பண்ணா போதும்ல. ரூமுக்குள்ள போகாம நேரா நடக்கப் போறது, ஒரு ஃப்ரெண்டுக்கு கால் பண்றதுன்னு முன்னாடியே முடிவு பண்ணி வெச்சிடணும், அந்த நேரம் வந்தப்புறம் யோசிச்சா மூளை நம்ம பக்கம் இருக்காது.

ஆசை வந்தா 20 நிமிஷம் டைமர் போடச் சொல்லுங்க. அது அலை மாதிரி ஏறி இறங்கும், எதிர்த்து சண்டை போடாம கவனிச்சுக்கிட்டு இருந்தாலே பெரும்பாலும் அடங்கிடும். இன்னொன்னு, காலையில தெளிவா இருக்கும்போது ஏன் விடணும்னு தன் குரல்லயே ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கிட்டு அந்த நேரத்துல கேக்கச் சொல்லுங்க, வேற யார் சொல்றதும் அப்ப காதுல ஏறாது.

ரொம்ப முக்கியமானது: ஆப் போடுறதுக்கு முன்னாடி சரக்கு குடுக்குறவன் நம்பரையும் அந்த குரூப்பையும் போன்ல இருந்து அழிக்கணும். ஒரே போன்ல ரெண்டும் இருந்தா பழசுதான் ஜெயிக்கும்.

பதில் 2: கவுன்சிலர்_ஒருத்தி

நான் போதை மீட்பு சிகிச்சைல வேலை பாக்குறவ. உங்க தம்பிக்கு அந்த ரெண்டாவது ராத்திரி வந்தது மன பலவீனம் இல்லம்மா, அது வித்ட்ராயல், அதாவது பழகுன போதைய நிறுத்துறப்போ உடம்பும் மனசும் படுற பாடு, 2013ல வந்த டிஎஸ்எம்-5ங்கிற மனநல நோய் கையேட்டுல தனி நோயறிதலாவே இருக்கு. தினமும் எடுத்தவங்க நிறுத்துனா 1லிருந்து 3 நாளுக்குள்ள ஆரம்பிக்கும், முதல் வாரத்துல உச்சத்துக்குப் போகும், பெரும்பாலும் 2 வாரத்துல தணியும். எரிச்சல், பதட்டம், பசி இல்லாம போறது, வேர்வை, தூக்கமின்மை, ரொம்ப நிஜமாத் தெரியுற கனவு எல்லாம் வரும். தூக்கமும் கனவும் மட்டும் ஒரு மாசத்துக்கு மேலயும் இழுக்கலாம். இத முன்னாடியே தெரிஞ்சவங்க "எனக்கு என்னமோ ஆயிடுச்சு"ன்னு பயந்து திரும்பிப் போறது குறையும், அதனால காலண்டர்ல அந்த நாளுங்கள குறிச்சு வெச்சுடுங்க, முடிஞ்சா லீவு நாள் சேர்ந்து வர்ற மாதிரி ஆரம்பிக்கட்டும்.

இதுக்குன்னே அங்கீகாரம் வாங்குன மாத்திரை இதுவரைக்கும் இல்ல, பேச்சு வழி சிகிச்சைதான் அடிப்படை. அத ஆன்லைனுக்கு கொண்டு வந்த திட்டங்கள்ல எது வேலை செய்யுதுன்னு பாத்தா ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தெரியுது, பின்னாடி பதில் சொல்ல ஒரு மனுஷன் இருந்தா பலன் கூடுது. ஜெர்மனியில 2004லிருந்து 'குவிட் த ஷிட்'னு ஒண்ணு நடக்குது, ஆன்லைன் டைரி எழுதணும், வாரம் ஒரு தடவை கவுன்சிலர் அதப் படிச்சு எழுத்துல பதில் சொல்வார். சுவிட்சர்லாந்தோட 'கேன்ரெட்யூஸ்' ஆய்வு 2015ல வந்துச்சு, அதுல சும்மா சுயஉதவி பாடம் மட்டும் கிடைச்சவங்கள விட கூடவே கவுன்சிலரோட சாட் பண்ணவங்களுக்கு கஞ்சா எடுக்குற நாள் அதிகமா குறைஞ்சுச்சு. பலன் பெரிசுன்னு சொல்ல மாட்டேன், சின்னதுதான், பாதியில விட்டுட்டுப் போறவங்களும் நிறைய. அமெரிக்காவுல மருந்துகளுக்கு அனுமதி குடுக்குற எஃப்டிஏ 2017ல அனுமதிச்ச, போதைப் பழக்கத்துக்கான 'ரீசெட்' ஆப் கூட 12 வார வெளிநோயாளி சிகிச்சையோட சேத்து எடுக்கத்தான், தனியா இல்ல.

அதனால நேர்ல போக மாட்டேன்னா பரவாயில்ல, வீடியோ வேண்டாம்னா சாட்லயோ போன் கால்லயோ பேசுற கவுன்சிலரத் தேடுங்க, பேர் சொல்லாம பேசுற உதவி எண்ணும் பல நாட்டுல இருக்கு. மரிஹுவானா அனானிமஸ் மாதிரி குழுவோட ஆன்லைன் கூட்டத்துல கேமரா ஆஃப் பண்ணிட்டு சும்மா கேட்டுக்கிட்டு இருந்தாலும் போதும். கஞ்சா பழக்கம் எவ்ளோ தீவிரம்னு பாக்க கியூடிட்-ஆர்னு 8 கேள்வி இருக்கு, மார்க் 12 இல்ல அதுக்கு மேல வந்தா கட்டாயம் ஒரு ஆளோட பேசணும்.

ஒண்ணு கேக்கணும், புகையிலை கலந்து அடிப்பானா? அப்படின்னா நிகோட்டின் வித்ட்ராயலும் சேர்ந்து வரும், அதுக்கு தனியா வழி பண்ணணும். தூக்கத்துக்காக குடிக்க ஆரம்பிக்காம பாத்துக்கோங்க. குரல் கேக்குது, யாரோ பின்னாடி வர்றாங்க, செத்துடலாம்னு தோணுதுன்னு சொன்னா ஆப், டைமர்லாம் ஓரமா வெச்சுட்டு அன்னைக்கே டாக்டர்.

வெண்பா_அக்கா

ரொம்ப நன்றி, படிக்கும்போதே அழுகை வந்துடுச்சு, இதெல்லாம் யாரும் எங்களுக்குச் சொன்னதில்ல. ஆமாங்க, புகையிலை கலந்துதான். டைரி எழுதுறேன்னான், சாட் கவுன்சிலருக்கும் யோசிக்கிறேன்னு சொல்லியிருக்கான். அந்த டைரிய நான் பாக்கலாமா?

பதில் 3: கோடர்_குமரன்

டைரி விஷயம் அடுத்தவங்க சொல்வாங்க, நான் பிரைவசி பத்தி மட்டும் சொல்லிடுறேன், ஏன்னா இது சட்டப் பிரச்சினை ஆகக்கூடிய தகவல். 2023ல அமெரிக்காவுல ஒரு பெரிய ஆன்லைன் கவுன்சிலிங் கம்பெனி வாடிக்கையாளரோட மனநலத் தகவல விளம்பர கம்பெனிங்களுக்குக் குடுத்ததுக்காக 78 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்துச்சு. அதனால உண்மைப் பேர் வேண்டாம், இதுக்குன்னு தனி மெயில் ஐடி, காண்டாக்ட்ஸ் லொகேஷன் ரெண்டும் கேட்டா குடுக்கக் கூடாது. லாக் ஸ்க்ரீன்ல நோட்டிஃபிகேஷன் உள்ளடக்கம் தெரியாம மறைச்சிடுங்க, ஆபீஸ் மீட்டிங்ல "இன்னைக்கு கஞ்சா இல்லாம எப்படி இருக்கீங்க"ன்னு போன் காட்டுனா அவ்ளோதான், அன்னைக்கே ஆப்ப தூக்கிடுவான். ஆபீஸ் போன்ல கூடவே கூடாது. எழுதுனத அப்பப்ப வெளிய எடுத்து வெச்சுக்கட்டும், நல்ல ஆப் கூட திடீர்னு நின்னு போகும், மேல சொன்ன ரீசெட் பண்ண கம்பெனியே 2023ல திவாலாயிடுச்சு.

பதில் 4: நிலாமுற்றம்

சிஸ்டர், டைரிய பாக்காதீங்க. எங்க வீட்டுக்காரர் விட்ட காலத்துல நாங்க செஞ்சத சொல்றேன். நாங்க பாப்போம்னு தெரிஞ்சா உண்மைய எழுத மாட்டாங்க, உண்மை இல்லாத டைரியால அவங்களுக்கே பிரயோஜனம் இல்ல. ஆனா ராத்திரி 10 மணிக்கு அவரா எனக்கு மூணு கலர்ல ஒண்ணு அனுப்புவார். பச்சைன்னா நல்லா இருக்கேன், மஞ்சள்னா கஷ்டமா இருக்கு ஆனா பேச வேண்டாம், சிவப்புன்னா கால் பண்ணு. சிவப்பு வந்தா "அடிச்சியா"ன்னு கேக்கக் கூடாதுன்னு முன்னாடியே பேசி வெச்சிருந்தோம், எங்க இருக்கீங்கன்னு மட்டும் கேட்டு வேற ஏதாவது பேசிக்கிட்டே இருப்பேன், அந்த அரை மணி நேரம் போகட்டும்னு. எந்தக் கலருமே வராத நாளுக்கு என்ன செய்யணும்னும் அவரையே முடிவு பண்ணச் சொல்லுங்க, எங்க வீட்ல அது காலையில ஒரு கால், அவ்வளவுதான்.

மறுகரை

இது நல்ல ஐடியா. அக்கா, அந்த மூணு கலர்ல சிவப்புக்கு உங்க நம்பர் மட்டும் போதாது, நீங்க தூங்கிட்டா? இன்னொரு ஆள் நம்பரும் சேத்து அவன் போன்ல முதல் ஸ்க்ரீன்லயே வெச்சிடுங்க.